ஒல்லியான அப்பாவுக்குக் குண்டன் என்று பெயர்

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தது எங்கள் குடும்பத்தார் செய்த பிழை. "பிறந்த இடம்" என்ற முதல் வரியிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

பிறப்புச் சான்றிதழில் திருகோணமலை நகரம் என்றிருக்கிறது. அப்பாவோ, "அது பதிஞ்ச இடம், பிறந்த இடமில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். பகிடி என்று நினைத்து நாங்கள் மேலே கேட்கவில்லை. இப்போது கேட்க அப்பா இல்லை. அச்சகத்தாரோ இரண்டு முறை அழைத்துவிட்டார்.

விடை தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம்: நிலாவெளியில் இருக்கும் அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை. வயது எண்பத்தொன்பது. அவரிடம் போய்க் கேட்டேன்.

"குண்டனுக்குப் புத்தகமோ? நல்லம், எழுது" என்றார்.

மூத்தவர்கள் எல்லோருக்கும் அப்பா குண்டன்தான். ஆனால் அவர் பக்கவாட்டில் நின்றால் தேட வேண்டியிருக்கும். என் கலியாணத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "சாப்பாடு குடுக்காமலே குண்டனாக்கின குடும்பம் எங்கட" என்று சபையைச் சிரிக்க வைத்தவன் நான். அப்பா எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார்.

"சின்னனில அப்பா நல்ல குண்டோ, அத்தை?"

"விசரா! பிறக்கேக்க அவன் என்ர ஒரு கைக்குள்ள அடங்கினவன். அது உடம்புக் குண்டில்லையடா, யப்பான்காரன் போட்ட குண்டு!"

1942 சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது ஊரே கண்டி வீதியால் நடந்ததாம். அத்தைக்கு அப்போது ஆறு வயது. அவருடைய அம்மா நிறைமாதம்.

"ஆளாளுக்கு நகையையும் உடுப்பையும் எடுத்தினம். நான் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். ஏனெண்டு கேக்காதை."

தம்பலகாமத்தில் ஒரு கமக்காரர் வீட்டில் நெல் மூடைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்கள். அப்பா அங்கே பிறந்தார்.

"ஆற்ற வீடு, அத்தை? பேரென்ன?"

"பேர் கேக்க ஆருக்கடா நேரம்? திரும்பி வரேக்க அம்மா பிள்ளையைத் தூக்கினவ. பயத்தில தூக்கின குழவியை எனக்குத் திரும்பத் தூக்க ஏலாது, அங்கயே விட்டிட்டன்."

வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகு அப்பா துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கப்பல்களுக்கு வர்ணம் பூசினார். பிறகு எங்கள் காலத்துப் போர் வந்தது. ஓட வேண்டி வந்தபோதெல்லாம் அவர் எங்களைத் தம்பலகாமத்துக்கே இழுத்துப் போனார். "அங்க யானையெல்லோ நிக்குது!" என்று நான் அழுதேன். "யானை குண்டு போடாது, நட" என்றார்.

கலியாணத்தன்று அவர் சிரித்த சிரிப்பு இப்போதுதான் விளங்குகிறது. சபை அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

அச்சகத்தாருக்குச் சொல்லிவிட்டேன். பிறந்த இடம்: தம்பலகாமம்.

கடைசி நாட்களில் அப்பாவைத் தாங்கிய வைத்தியர்கள், தாதியர், இந்த முப்பத்தொரு நாளும் எங்கள் குசினி அடுப்பை அணைய விடாத அயலவர்கள், உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. எண்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் விட்ட நன்றி இன்னொன்று இருக்கிறது. அதைச் சேர்க்க எங்களிடம் பெயரில்லை. தம்பலகாமத்தில் உறவுள்ளவர்கள் இந்த மலரை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த வீட்டிலாவது ஓர் அம்மிக்கு இரண்டு குழவி கிடந்தால், எங்கள் அப்பா பிறந்தது அந்த வீட்டில்தான்.