மரப்பாலத்தில் வந்த ரயில்

நாங்கள் டெக்சாஸில், சுகர் லேண்டில் இருக்கிறோம். போன டிசம்பரில் சென்னைக்குப் போகும் வழியில் தாய்லாந்தில் இறங்கி, காஞ்சனபுரியைச் சுற்றிப் பார்த்தோம். முதல் நாள் அருவியில் மீன்கள் காலைக் கடிக்க, நானும் என் கணவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். மறுநாள், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களிடம் சிக்கிய போர்க்கைதிகளும் நம் தமிழ்க் கூலிகளும் உயிரைக் கொடுத்துப் போட்ட ரயில் பாதையைப் பார்க்கப் போனோம்.

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே ஆறு, நடுவில் மரப்பாலம். ரயில் வராத நேரத்தில் அதில் நடக்கலாம். அவர் கேமராவுடன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. எல்லோரும் ஓரத்து மரத் திட்டுகளில் ஒதுங்கினார்கள். அவர் மட்டும் திரும்பவே இல்லை.

“ஏங்க! ட்ரெயின் வருது!” என்று கத்திக்கொண்டே ஓடி, அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். ரயில் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் எங்களை உரசுவதுபோல் கடந்து முடியும்வரை அவர் கையை நான் விடவில்லை.

“ஹார்ன் அடிச்சானா?” என்றார்.

“உங்களுக்குக் கேக்கலையா?”

“கொஞ்ச நாளாவே சரியா கேக்கலடி. சொன்னா நீ வொரி பண்ணுவேன்னுதான்...”

வீட்டில் நான் கூப்பிட்டும் அவர் பதில் சொல்லாத பொழுதுகள் நினைவுக்கு வந்தன. வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன். அங்கேயே அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

திரும்பி வந்ததும் டாக்டரிடம் போனோம். இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறார். இருந்தாலும் நான் கிச்சனிலிருந்து குரல் கொடுப்பதில்லை. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். பல நேரம் சொல்ல வந்ததை மறந்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.