இடப்பக்கத்துப் புள்ளிகள்

அவர் வேலை செய்யும் விமான நிலையத்தில் அவரை இழுவை என்றுதான் கூப்பிடுவார்கள். விமானம் புறப்படும் முன் அதை முன்சக்கரத்தோடு பிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிடும் டிராக்டரை இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியவர். கதை சொல்ல உட்கார்ந்தாலும் சுருக்கத்தில் முடிக்கமாட்டார். பெயர் அதனாலும் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தைந்தாவது வயதில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வீட்டுச் செவிலியாக நான் போய்வந்தேன். குளியல், மாத்திரை, கைகால் பயிற்சி, நடை. ஏழாவது மாதத்தில் கோல் இல்லாமல் நடந்தார்.

நடக்க வந்ததும் அவர் முதலில் போனது மொட்டைமாடிக்கு. அங்கே நின்றால் இறங்க வரும் விமானங்களின் சக்கரத்தை எண்ணலாம். கேமராவை முக்காலியில் மாட்டி, வலது கையால் மட்டும் படமெடுக்கப் பழகிக்கொண்டார்.

விமானப் படங்களுக்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்; ஆனால் அங்குள்ள தேர்வாளர்கள் பார்த்து, தேறியதை மட்டுமே போடுவார்கள். நோய்க்கு முன்னால் இவர் படங்கள் முந்நூற்றுச் சொச்சம் அதில் ஏறியிருந்தன. நோய்க்குப் பிறகு அனுப்பிய பதினான்கும் திரும்பி வந்தன. காரணத்தை ஒரே வரியில் எழுதியிருப்பார்கள்: விமானம் நடுவில் இல்லை. வானத்தில் தூசிப் புள்ளி. கேமராவில் எப்போதும் கொஞ்சம் தூசி ஒட்டும்; அனுப்பும் முன் அந்தப் புள்ளிகளைக் கணினியில் தேடி அழிப்பது அவர் வழக்கம்.

புள்ளி கேமராவுக்குள் இருக்கிறது என்று முடிவுகட்டி, அதை இரண்டு முறை கடைக்கு அனுப்பிச் சுத்தம் செய்து வாங்கினார். பிறகும் அதே பதில். கடைக்காரரைத் திட்டினார். தேர்வாளர்களில் ஒருவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றார். இத்தனை படம் அடிபட்டதால், இனி வாரத்துக்கு ஒன்றுதான் அனுப்பலாம் என்று தளத்தார் அளவு வைத்துவிட்டார்கள்.

இது பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் நான் தலையிட்டிருக்கமாட்டேன். அடுத்த மாதம் அவருக்கு வேலைக்கான மருத்துவப் பரிசோதனை இருந்தது. டிராக்டரில் மறுபடி ஏறலாமா கூடாதா என்பது அன்று தீர்மானமாகும். கண் மருத்துவர் பார்வை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் இவருக்கு உள்ளூர ஓர் உதைப்பு. அதனால் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். ஊசிமுனைப் புள்ளியையும் விடாத அந்தத் தேர்வாளர்கள் ஒரே ஒரு படத்தை ஏற்றுக்கொண்டால் போதும், தன் கண்ணில் குறையில்லை, வண்டியைக் கேட்டுவிடலாம்.

அவர் மனைவி பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "படம் தேறிச்சுன்னா வண்டியில ஏறிடுவாரு. தேறலைன்னா மூஞ்சியப் பாக்க முடியாது. நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது, அக்கா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

பதினைந்தாவது படம் ஒரு வெள்ளைச் சரக்கு விமானம். துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். அதுவும் திரும்பி வந்தது. இவர் விடவில்லை, மறுபரிசீலனை கேட்டு நீளமாக ஒரு விண்ணப்பம் எழுதினார். பதிலாக, புள்ளி உள்ள இடங்களைச் சிவப்பு வட்டமிட்டு அனுப்பினார்கள். நான் அப்போது அவருடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். திரையைக் காட்டி, "பாருங்கக்கா, ஒரே ஒரு வட்டம் போட்டிருக்கான். அதுக்குள்ளயும் ஒண்ணுமில்ல" என்றார்.

நான் பார்த்தேன். திரையில் நான்கு வட்டங்கள் இருந்தன. மூன்று இடப்பக்கம். வால் பக்கத்தில் கை அகலத்துக்கு வெற்று வானம் கிடந்தது. மூக்கோ வலது ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பக்கவாதத்தில் மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குக் கண் நன்றாகவே இருக்கும். இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே மனசுக்குத் தப்பிவிடும். முதல் மாதத்தில் இவர் தட்டின் இடது பாதிச் சாப்பாடு அப்படியே மிஞ்சும். பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்கப் பழக்கினேன். மூன்றாவது மாதம் தட்டு காலியாக வந்தது. சரியாகிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அது என் தவறு. சரியாகவில்லை, தட்டைத் திருப்பும் பழக்கம்தான் வந்திருந்தது. திரையை யாரும் திருப்பவில்லை.

"தம்பி, இந்தப் படத்த கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம் வலம் மாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும். ஆனா எழுத்தெல்லாம் தப்பா வருமே. வாலுல இருக்கிற பேரு திரும்பிக்கும்."

"வந்தா வரட்டும். நாம பேரா படிக்கப் போறோம்?"

ஒரு பொத்தானை அழுத்தினார். விமானம் திரும்பி எதிர்ப்பக்கம் பறந்தது. அவர் வலது கை விரலைத் திரையில் வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"இது எல்லாமே அதுலயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பதினாலுலயுமா?"

"எனக்குத் தெரியாது. நீங்களே பாருங்க."

பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருப்பிப் பார்த்தார். நான் துணி மடித்தேன், மாத்திரைப் பெட்டியை நிரப்பினேன். அவர் யாரையும் திட்டவில்லை. நான் கிளம்பும்போது ஒன்பதாவது படத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் நேராகப் பார்த்துப் புள்ளிகளை அழிப்பது. திருப்பிப் போட்டு மறுபடி அழிப்பது. இரண்டு பக்கமும் எவ்வளவு வானம் விடுவது என்பதைக் கண்ணால் அல்ல, கணினி காட்டும் எண்ணைப் பார்த்து முடிவு செய்வது. ஒரு படத்துக்கு ஒரு காலைப்பொழுது போனது. சரக்கு விமானத்தை முதலிலிருந்து திருத்தி, அடுத்த வாரத்துக்கான ஒற்றைப் படமாக அதையே அனுப்பினார். நான்காம் நாள் தேறியது.

செய்தி வந்தபோது அவர் மனைவியும் வீட்டில் இருந்தார். ஆனால் மனைவி அடுப்படியைவிட்டு வரவே இல்லை. இழுவை எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றார். தன்னைப் பற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"படத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன், தேறிடுச்சு. விமானம் நிக்கிற தளத்தைத் திருப்பிப் போட முடியாது. எனக்கு இடது பக்கம் ஒரு ஆள் நின்னா நான் அவன் மேலயே ஏத்திடுவேன். வண்டி வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

மனைவி அடுப்பை அணைத்தார். "வேற என்ன வேலை தருவாங்க?"

"வண்டிக் கொட்டகையில சாவி எடுத்துக் குடுக்கிற ஆளு அடுத்த மாசம் ஓய்வு பெறுறாரு. கேட்டுப் பாக்கறேன். இல்லைன்னா வேற."

"மனசு கேக்குமா? நாள் பூரா மத்தவங்க கையில சாவியக் குடுத்துட்டு உக்காந்திருக்கணும்."

"கேக்காது," என்றார். "கொஞ்ச நாளைக்குக் கேக்காது."

கடிதத்தை அன்றைக்கே எழுதினார். நான்கு வரி. கண் மருத்துவர் சொன்னதும் உண்மை, இடப்பக்கம் தப்பிப்போவதும் உண்மை என்று எழுதி, நான் குறிப்பேட்டில் செய்த திருத்தத்தின் நகலையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். தானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாக மனைவி சொன்னார்.

"வேணாம். என் வண்டி, நானே போய் ஒப்படைச்சுட்டு வர்றேன்" என்றார். மனைவி பையை எடுத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். இருவரும் படியிறங்கினார்கள்.