ஆறு சமன்பாடுகளும் அண்ணன் ஏற்ற பழியும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது, புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சித்தையன்கோட்டையில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டே படித்து, திண்டுக்கல்லில் ஓர் இன்ஜினியரிடம் கட்டடக் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். என்னை மதுரையில் கணிதம் படிக்க வைத்தவரும் அவரே. கோபம் மூக்கின் மேல் இருக்கும், மனசில் தங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் சின்னாளப்பட்டிச் சாலையில் ஒரு மாடிப் பள்ளிக்கூடம் எழும்பியது. உத்திரங்கள் தாங்கும் சுமையைக் கண்டறிய ஆறு சமன்பாடுகள். ஒன்றைக் கொண்டு மற்ற ஐந்திலிருந்தும் ஒரு மாறியை நீக்க வேண்டும். ஆறு ஐந்தாகும், ஐந்து நான்காகும், கடைசியில் ஒன்றே மிஞ்சும். அதன் விடையைப் பிடித்துப் பின்னோக்கி வந்தால் எல்லாம் கிடைத்துவிடும். அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

முதல் சமன்பாட்டின் முதல் எண் பூச்சியத்தை ஒட்டிய துளி எண். வரிசையை மாற்றிப் பெரிய எண்ணை மேலே கொண்டுவந்திருக்க வேண்டும். படித்த திமிர், துளி எண்ணாலேயே வகுத்தேன். வந்த எண்கள் பூதமாக வீங்கின. அந்நாளில் கணக்குப் போட வைத்திருந்த ஸ்லைடு ரூல் என்ற நகரும் அளவுகோலில் மூன்று இலக்கமே நிற்கும். சின்ன எண்களெல்லாம் அடிபட்டுப் போயின. விடையை முதல் சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. "சரியா இருக்குண்ணே" என்றேன். நம்பிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

கான்கிரீட் போடும் நாள் காலையில், சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்: "ஏத்தா, ஆறுலயும் போட்டுப் பாத்தியா?"

"ஒண்ணுலதாண்ணே பாத்தேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டாவதில் போட்டார், பொருந்தவில்லை. மூன்றாவதிலும் இல்லை. வரிசையை மாற்றி விறுவிறுவென்று மறுபடி போட்டார், சுமை நான் சொன்னதைவிடக் கூடுதலாக வந்தது.

"கம்பி பத்தாதுத்தா. பிள்ளைக உக்காரப்போற எடம்!"

சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது கலவைச் சட்டிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. "நிறுத்துங்கய்யா!" என்று கத்தியபடி சாரத்தில் ஏறினார். இன்ஜினியர் வந்தார்.

"யாருய்யா போட்ட கணக்கு?"

நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தாங்கய்யா. காய்ச்சல்ல தப்பாப் போட்டுட்டேன்."

கூடுதல் கம்பி கட்டிய பிறகே வேலை தொடர்ந்தது. அண்ணனின் வேலை அன்றே போயிற்று. திரும்பும் வழியில், "யார்ட்டயும் சொல்லாத. ஒனக்குக் காலேசு வேலை கெடைக்கணும்" என்றார். கிடைத்தது. வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தேன், வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு மேற்பார்வைக்குப் போனார். அங்கே மணமுடித்தார். "கணக்கத் தப்பாப் போட்டு வேலையத் தொலைச்ச மகராசனுங்க" என்று அண்ணி குத்திக்காட்டும்போதெல்லாம் சிரிப்பார். நெஞ்சுவலியில் படுத்திருந்த கடைசி வாரத்திலும் அண்ணி அதைச் சொல்லி அழுதார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

அவரை வண்டியேற்றி மருத்துவமனை சேர்த்த தோப்புக்காரர்களுக்கும், கண்விழித்துப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணி, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கணக்கைப் போட்டவள் நான்.