கல்லில் நான் ஏற்றிய சொல்

அப்பா இறந்த 1984-இல், எங்கள் சிட்லபாக்கம் தெருவிலேயே நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பரப்பியவன் பெரும்பாலும் நான்தான். ஆகவே கல்லறை வாசகம் எழுதும் வேலை வந்ததும், நோட்டுப் புத்தகத்தோடு பரங்கிமலையில் இருந்த பழைய வெள்ளைக்காரர் கல்லறைகளைச் சுற்றி வந்தேன். ஒரு கல்லில் கணவனின் பெயருக்குக் கீழே, மனைவியை 'ரெலிக்ட்' என்று குறித்திருந்தார்கள். என்ன கம்பீரமான சொல்! அகராதியைப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லில், 'துயருறும் அவரது ரெலிக்ட் நிறுவியது' என்று ஆங்கிலத்தில் வெட்டவைத்தேன். கல் நட்ட அன்று அம்மா அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

"இது என்னடா?"

"துணைவின்னு அர்த்தம்மா. பழைய காலத்து இங்கிலீஷ்," என்றேன், கொஞ்சம் அலட்டலாகவே.

அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. வகுப்பையே குரலால் அடக்கியவள். அந்த வருடத்திலேயே தன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள். நாங்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள். என்ன கேட்டாலும், "என்னை எதுக்குக் கேக்கறீங்க, உங்களுக்குப் பிடிச்சதைப் பண்ணுங்க," என்பாள். அனுசரித்துப் போகிறாள் என்று நானும் என் மனைவியும் நிம்மதியாக இருந்துவிட்டோம். வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று அவளே அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவுவாள்.

ஒன்பது வருடம் கழித்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையின் தராசுத் தட்டில் தலையணை கனத்தில் ஒரு ஆங்கில அகராதியைப் பார்த்தேன். எடைக்கு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் என் செல்லச் சொல்லைத்தான் முதலில் தேடினேன். விட்டுச்செல்வது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிறந்ததாம். விட்டுப்போனதில் மிஞ்சிக் கிடப்பது, எச்சம். ஒரு காலத்தில் விதவையை அப்படித்தான் எழுதுவார்களாம், மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லையாம். அந்தச் சமாதானமெல்லாம் என் மனதில் ஏறவே இல்லை. பெற்ற தாயை மிச்சம் மீதி என்று கல்லில் வெட்டி ஊர் பார்க்க நிறுத்தியிருக்கிறேன்!

அவளுக்குத் தெரிவதற்குள் அந்த வரியைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு பின்னறை வாசலில் நின்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்பா கல்லு லேசா விரிசல் விட்டிருக்கும்மா. ஆளைப் பாத்துட்டு வரேன்."

அவள் நிமிரவில்லை. "அந்த வார்த்தையை எடுக்கப்போறியா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கல்லு நட்ட வாரமே ஸ்கூல் லைப்ரரில போய்ப் பாத்துட்டேன். மிச்சம்னு போட்டிருந்துது. என் மனசு நோகக்கூடாதுன்னு நீ துணைவின்னு மாத்திச் சொன்னேன்னு நெனச்சேன். பையன் மனசுல இதுதான் இருக்குன்னா, அதுக்குத் தக்கபடி இருந்துடுவோம்னு..."

அந்தக் கட்டிலைப் பார்த்தேன். ஒன்பது வருடம். ஆங்கில விஷயத்தில் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு அர்த்தம் தெரியாதும்மா. தெரியாமதான் போட்டேன்."

கீரை அவள் கையிலிருந்து நழுவியது.

"தெரியாமலா?" என்று கத்தினாள். அந்த வகுப்பறைக் குரலை ஒன்பது வருடம் கழித்து அன்றுதான் கேட்டேன்.