இலையை விட்டிருக்கலாம்

நோர்பரித் தமிழ்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாவுச் செய்தி வந்தது. எங்கள் முதியோர் மன்றத் தலைவர் தொலைபேசியில் சொன்னார்: "பத்மா அக்கா மோசம் போயிட்டா பிள்ளை. தங்கமான மனுசி."

தங்கமாம்! அந்தத் தங்கத்தை இவர் மன்ற வாசலில் வைத்து என்ன பாடு படுத்தினார் என்பது இதை வாசிக்கும் மன்றத்தவர் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மன்றத்து வாசல் நிறைய டியூலிப் பூத்திருக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்காக நவம்பர் குளிரில், வலிக்கும் முழங்காலுக்குச் சாக்கை விரித்து, ஒரு சாண் ஆழம் தோண்டித் தோண்டிக் கிழங்குகளை நட்டார். அணில் கிளறாதிருக்க மேலே மிளகாய்த்தூள் தூவினார்.

"கறுப்புப் பூவோ அக்கா?" என்று கிழங்குப் பையிலிருந்த படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"கறுப்பில்லைத் தங்கச்சி, கத்தரிக்காய் நிறம். பூத்தாப்பிறகு வெயிலுக்குப் பிடிச்சுப் பார், உள்ளுக்குச் சிவப்புத் தெரியும்."

வருடப்பிறப்புக்குச் சரியாகப் பூத்தன. தலைவர் வெயிலுக்குப் பிடித்தெல்லாம் பார்க்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வாசலிலை கறுப்போ?" என்று எல்லாவற்றையும் நிலத்தோடு வெட்டச் சொன்னார். நான் மன்றத்தின் செயலாளர். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

பலகாரத் தட்டோடு வந்த அக்கா வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றார். "பூவை வெட்டினது பரவாயில்லை. இலையை விட்டிருக்கலாம். இலை பழுக்கும்வரை நிண்டால்தானே கிழங்குக்குச் சாப்பாடு," என்றார். பிறகு வெட்டியவர்களுக்கும் பலகாரம் கொடுத்தார்.

அடுத்த நவம்பரில் ஒரு பை புதுக் கிழங்குகளோடு என் வீட்டுக்கு வந்தார். "உன்ர வாசலிலை நல்ல வெயில் படும்," என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை விடு. மிளகாய்த்தூள் போத்திலை எடுத்துக்கொண்டு வா."

இந்த வாரம் அவை பூத்திருக்கின்றன. பார்க்க அக்கா இல்லை. நேற்றுத் தலைவர் மறுபடி அழைத்தார். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அக்காவின் படத்துக்கு முன்னால் வைக்க என் வாசலில் இருந்து கொஞ்சப் பூ வேண்டுமாம். "கறுப்புத்தானே பிள்ளை, செத்தவீட்டுக்குப் பொருந்தும்."

"ஒரு இதழ்கூடத் தர ஏலாது," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அக்கா, முப்பத்தோராம் நாளன்று எல்லோரும் உங்கள் பொறுமையைப் புகழ்ந்து பேசுவார்கள். அந்தப் பொறுமை எனக்கு வேண்டாம். நீங்கள் படாத கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கத்தரிக்கோலும் என்னிடம்தான் இருக்கிறது. பூ உதிரட்டும். இலை பழுத்து விழும்வரை அதைக் கையில் எடுக்க மாட்டேன்.