வலையில் வந்த பச்சைக் கொத்து

தூத்துக்குடி ஹோட்டல் ஒன்றில் அம்மாவுக்கும் எனக்கும் மீன் வைத்தார்கள். ஓரத்தில் இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். குட்டித் திராட்சைக் கொத்து போலப் பச்சைப் பாசி.

புன்னைக்காயல் கரையில் அப்பா வலையிலிருந்து உதறிப்போட்ட அதே பாசிதான். ஏழு வயதில் ஒருநாள் அதை வாயில் போட்டேன். பல் பட்டதும் பொட்டுப் பொட்டென்று உப்புநீர் வெடித்தது. அம்மா ஓடிவந்து முதுகில் அறைந்தாள்.

“ஏளா, வெஷம்! துப்பு!”

தொண்டைக்குள் விரலைவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, விழுங்கியிருந்தேன்.

இப்போது அவளே ஒரு கொத்தை எடுத்து நிதானமாகத் தின்றாள்.

“அன்னைக்கு இதவிட உப்பு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “நீ எப்பம்மா தின்ன?”

“உன்ன அடிச்ச கையோடதான். நீதான் முழுங்கிட்டியே. போனா ரெண்டு பேருமா போவோம்னு நானும் தின்னுட்டேன்.”