சத்தம் போடாத கணினியும் ஒரு வர்ணமும்

பாடி ஒலிப்பதிவு செய்யும்போது அறைக் கதவை மூடிக்கொள்வதா, திறந்து வைப்பதா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. மூடினால் குரல் சுத்தமாகப் பதிவாகும். ஆனால் அடுத்த அறையில் தூங்கும் மகள் எழுந்து அழுதால் எனக்குக் கேட்காது. திறந்து வைத்தால் அவள் அழுவது கேட்கும்; கூடவே குக்கர் விசிலும் மீன் வண்டிக்காரரின் ஒலிபெருக்கியும் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பாதி மூடிவைத்து, பாதிக் கவனத்தோடு பாடுகிறேன்.

நாங்கள் இருப்பது கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு தெருவில். கணவருக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. காலையில் அலுவலகப் பேருந்து ஏறினால் மாலையில்தான் வருவார். பகலில் நான், மாமியார், நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் மகள். கல்யாணத்துக்கு முன்பு நான் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்குப் பாடிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த பிறகு சென்னைக்குப் போய்ப் பாடிவிட்டு வருவது நடக்கவில்லை. அப்போதுதான் ஒரு நடன ஆசிரியை கேட்டார்: மிருதங்கமும் புல்லாங்குழலும் பதிவாகிவிட்டன, வர்ணத்துக்குக் குரல் மட்டும் வேண்டும், வீட்டிலேயே பாடி அனுப்ப முடியுமா? முடியும் என்றேன். எதை வைத்து முடியும் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

என்னிடம் இருந்தது பழைய லேப்டாப். வர்ணம்தான் நாட்டியத்தில் நீளமான உருப்படி; கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஓடும். பல்லவியில் அமைதியாக இருக்கும் லேப்டாப், அனுபல்லவியில் மூச்சு வாங்கத் தொடங்கி, சரணத்துக்கு வரும்போது வெந்நீர் கொதிப்பதுபோல் இரையும். சரணத்தில்தான் பாட்டின் நாயகி தனக்குத்தானே பேசுவதுபோல் குரலைத் தணித்துப் பாட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களில் என் குரலைவிட லேப்டாப்பின் சத்தம்தான் அதிகம் கேட்டது.

சூடாகாத, சத்தம் போடாத ஒரு கணினியை நானே சேர்த்துக் கட்டப்போகிறேன் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. குழந்தை கொஞ்சம் வளரட்டுமே என்றார் கணவர். மாமியாரும் அதையே சொன்னார், கொஞ்சம் சத்தமாக. பழைய மாமல்லபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் கொழுந்தன் மட்டும் உற்சாகமாக வந்து உட்கார்ந்தான். “அண்ணி, கண்ணாடி கேஸ் வாங்குங்க. உள்ள ஆறு ஃபேனு, கலர் கலரா லைட்டு. ஊரே திரும்பிப் பாக்கும்” என்றான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், யாருக்கும் கேட்காமல் இருந்தால் போதும் என்றேன். அவனுக்கு ஏமாற்றம். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் எங்கள் வீட்டுக்கே குடிவர அவனுக்கு ஆசை இருந்தது. என் பாட்டு அறைதான் அவன் கண்ணில் பட்டது. இந்த வர்ணம் சரியாக வராவிட்டால் அறையை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் நேராக யாரும் சொல்லவில்லை. அதனால் மறுக்கவும் வழியில்லை.

மகள் தூங்கும் மதியங்களில் படித்தேன். சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால் இரையும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் அதே காற்று, சத்தம் குறைவு. மேசை விசிறிக்கும் கூரை விசிறிக்கும் உள்ள வித்தியாசம்தான். படம் காட்டும் தனி கிராஃபிக்ஸ் அட்டை பாட்டுக்குத் தேவையில்லை, அதன் சூடும் தேவையில்லை. அலமாரி மாதிரி கனமான பெட்டி ஒன்றை வாங்கிப் பாகங்களை நானே மாட்டினேன். மேலேயும் பக்கங்களிலும் மூடியிருக்கும். முன்பக்கம் ஒரு பெரிய விசிறி காற்றை உள்ளே இழுக்கும், பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளும். பின்பக்க விசிறியை மூடியிருந்த சல்லடைத் தகட்டில் காற்று மோதி லேசாகச் சீட்டியடித்தது. கூடுவாஞ்சேரியில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து கிரில் பட்டறையில் கொடுத்து அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டேன். சீட்டி நின்றது.

எங்கள் வீட்டில் உறை இல்லாத பொருள் கிடையாது. மிக்சிக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, டி.வி. ரிமோட்டுக்குக்கூட உறை. உப்புக் காற்று எதையும் விடாது என்பது மாமியாரின் அனுபவம், அது உண்மையும்தான். கணினியைப் பார்த்ததும் பழைய புடவையும் அளவு நாடாவுமாக வந்தார். முன்னாடிதான் இது மூச்சு விடும் அத்தை, முன்னாடி மூடாதீங்க என்று பதறிச் சொன்னேன். சரி என்று போய்விட்டார்.

முதல் சில நாள்கள் எனக்கே நம்ப முடியவில்லை. ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒலிப்பதிவுக்காக ஜன்னலைச் சாத்தி, கூரை விசிறியை நிறுத்தி, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாடுவேன். கணினி குளிர்ந்திருந்தது, நான்தான் வெந்துகொண்டிருந்தேன். பல்லவியும் அனுபல்லவியும் முடிந்தன.

சரணத்துக்கு வந்த அன்று பெட்டி இரையத் தொடங்கியது. நிறுத்தி ஆறவைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரைச்சல். மறுநாளும் அப்படியே. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான்: சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், மாட்டுவதற்கு முன் அதை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு இறங்காது. உரித்தேனா? உரித்த ஞாபகம் இருந்தது. ஆனால் கேஸ் அடுப்பை அணைத்த ஞாபகமும் எனக்கு எப்போதும் இருக்கும், இருந்தும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். ரெடிமேடாக வாங்கியிருக்கலாம் என்று கணவர் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதுதான் அதிகமாக உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். வந்தவன் பேச்சுவாக்கில் என் அறையில் நின்று சுவர் நீளத்தைக் காலடியால் அளந்தான். கட்டில் இங்கே, பீரோ அங்கே. அவன் அளந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்க கட்டில் வராது” என்றேன்.

“வர்ணம் முடிஞ்சப்புறம்தான் அண்ணி.”

“முடிஞ்சாலும் வராது. சரியா வராம போனாலும் வராது. இது பாட்டு ரூம்.”

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹாலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “அவன் ஆஸ்டல்லயே கெடக்கட்டும்டா. இங்க வந்தா அவன் துணிய எவ தோய்க்கிறது?”

எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று தெரியாது. எதுவானாலும் எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த மதியம், பெட்டியைப் பிரிப்பதற்காகச் சுவரோரத்திலிருந்து இழுத்தேன். பின்பக்கம் புடவைத் துணி. ஓரம் மடித்துத் தைத்து, வயர்கள் வரும் இடத்தை மட்டும் அளவெடுத்து வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டியிருந்தது. வேலை அவ்வளவு சுத்தம். சூடான காற்று வெளியே போக வழியே இல்லை. இருந்தும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் தாளை உரித்துத்தான் இருந்தேன்.

துணியை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போனேன். மூடாதீங்கன்னு சொன்னேனே அத்தை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“முன்னாடி மூடாதன்னு சொன்ன. முன்னாடி நான் தொட்டனா? பின்னாடியும் அதுக்கு மூக்கு கீதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?”

“உப்புக் காத்துக்காகவா ஒட்டுனீங்க?”

“உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பின்னாடி இம்மாம்பெரிய ஓட்ட. உள்ள றெக்க சுத்திகினு கீது. கொழந்த பூந்து வெரல வுட்டா? நீ காதுல அத மாட்டிகினு, கண்ண மூடிகினு பாடிகினு இருப்ப.”

சீட்டிச் சத்தத்தைக் கேட்ட எனக்கு, தகட்டை வெட்டிய இடத்தில் ஒரு விரல் நுழையும் என்று தோன்றவே இல்லை. அன்று முழுவதும் மகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பின்மேலேயே கோபம் வந்தது. விசிறியும் அடுப்பும் இருக்கும் எல்லா வீட்டிலும் குழந்தைகள் வளர்கின்றன. யாரும் அதற்காகச் சமையலை விடச் சொல்வதில்லை.

மறுநாள் மகளை மாமியார் மடியில் வைத்துக்கொள்ள, சரணத்தைப் பாடி முடித்தேன். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. பதிவை அனுப்பினேன்; கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாக ஆசிரியை சொன்னார். அடுத்து ஒரு தில்லானாவும் பாடித் தரச் சொல்லியிருக்கிறார். அறை என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் விரல் பிரச்சினை தீரவில்லை. விசிறிக்கு மாட்டும் கம்பி வளையம் வாங்கிப் போட்டேன். கடல் காற்றில் துருவேறி, அதிர்ந்து முனகத் தொடங்கிவிட்டது. இடைவெளியும் என் மகளின் சுண்டுவிரலுக்குப் பெரிது. கொசுவலையில் தூசி அடைத்துக் காற்று நிற்கிறது. மேசைமேல் வைத்தால் மைக்குக்குப் பக்கம். பரணில் வைத்தால் மொட்டைமாடிச் சூடு. இப்போதைக்கு அவள் விழித்திருக்கும்போது பெட்டியை அணைத்துவிடுகிறேன். இதனால் பாதி நாள் போகிறது.

கடலோரத்தில் இருந்துகொண்டு, சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு பெட்டியை ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். துருப்பிடிக்காத, காற்றைத் தடுக்காத, சீட்டியடிக்காத, ஒரு வயதுக் குழந்தையின் விரலை உள்ளே விடாத தடுப்பு எதில் செய்யலாம்? மரச்சட்டமா, பிளாஸ்டிக் வலையா, பெட்டியைச் சுற்றிக் கூண்டா? எதுவானாலும் செய்து பார்க்கிறேன். குழந்தை வளரும் வரை பொறுத்திரு என்பதை மட்டும் எழுதாதீர்கள். அதை எனக்குச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.